வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சுயேச்சை

ஆளுநர் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு பதவிகளுக்குப் பயன்படுத்துகின்றோம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஆட்சித் தலைவர். எமது நாட்டில் ஆளுநர் என்பவர் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டு மாகாணத்துக்கு அனுப்பப்படுபவர். இந்த வேறுபாடு தெரியாமல் போனால் வெளிநாட்டுச் செய்தி ஒன்றைக்கூட நாம் சரியாக வாசிக்க முடியாது. "இளைஞர் ஒருவர் எந்தக் கட்சியையும் சாராமல் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுகின்றார்" என்ற செய்தியை எமது அரசியல் விஞ்ஞான பாடவேளையில் வாசித்தபோது வகுப்பில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆளுநர் பதவிக்குப் போட்டியா?

விடுமுறையில் கந்தப்பளைக்குப் போனபோது வாப்பாவிடம் இதைக் கேட்டேன். கடையில் லீக்ஸ் மூட்டைக்காரருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அது ஜனாதிபதி போடுற ஆள் மகள், அதுக்கு எங்க வோட்டு?" என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு விடயம் இருக்கின்றது என்பதை இப்பாடத்துக்காகத் தேடிப் படித்தபோதுதான் கண்டேன். அதில் ஒரு பகுதி எங்கள் நுவரெலியா மாவட்டத்திலேயே நடந்தது. இன்னொரு பகுதி முஸ்லிம் அரசியல் தலைவர் ஒருவருடன் தொடர்புடையது. இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடுவோம். அங்கு ஒவ்வொரு மாநிலமும் தன் ஆளுநருக்குரிய தகைமையைத் தானே தீர்மானிக்கின்றது. கன்சாஸ் மாநிலச் சட்டத்தில் வயதெல்லை எதுவும் இருக்கவில்லை. ஆகவே 2018 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜாக் பெர்கசன் என்ற 17 வயது மாணவர் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஆளுநர் வேட்பாளராக நின்றார். தனக்கே வாக்குரிமை இல்லாத ஒருவர் பிறரிடம் வாக்குக் கேட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு வெர்மொண்ட் மாநிலத்தில் ஈத்தன் சொன்போர்ன் என்ற 14 வயதுச் சிறுவரும் அவ்வாறே நின்றார். இருவரும் வெல்லவில்லை. கன்சாஸில் பின்னர் சட்டத்தைத் திருத்தி 25 வயது என்று எல்லை வகுத்துவிட்டார்கள். இவர்கள் கட்சிக்குள் நின்றவர்கள். கட்சி எதுவும் இல்லாமல் நின்று ஆளுநராகவே வென்றவர்களும் உண்டு. மெய்ன் மாநிலத்தில் 1994 நவம்பரில் அங்கஸ் கிங் சுயேச்சையாக நின்று வென்றார்; நான்கு ஆண்டுகளின் பின்னர் மீண்டும் வென்றார்.

அந்த 1994 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு எங்கள் மாவட்டத்திலும் ஒரு சுயேச்சை வென்றார்.

அதற்கு முன் எமது ஆளுநர் பற்றி ஓரிரு வார்த்தைகள். 1987 இல் கொண்டுவரப்பட்ட பதின்மூன்றாவது திருத்தமே மாகாண சபைகளையும் மாகாண ஆளுநர்களையும் உருவாக்கியது. ஆளுநரை ஜனாதிபதி ஐந்தாண்டு காலத்துக்கு நியமிக்கின்றார். ஜனாதிபதி விரும்பும் வரையில்தான் அவர் பதவியில் இருக்கலாம். மலையகத்தைச் சேர்ந்த செந்தில் தொண்டமான் 2023 இல் கிழக்கு மாகாண ஆளுநரானார். 2019 தொடக்கத்தில் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் கிழக்குக்கும் அசாத் சாலி மேற்குக்கும் ஆளுநர்களாக நியமிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதமே பதவி விலகினார்கள். இவர்களில் எவரும் அம்மாகாண மக்களிடம் வாக்குக் கேட்டு அக்கதிரைக்கு வந்தவர்கள் அல்லர். இந்தியாவிலும் இதே முறைதான். தமிழ்நாட்டு ஆளுநரை அந்நாட்டு ஜனாதிபதி நியமிக்கின்றார். ஆகவே நம்மில் ஒருத்தி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஆளுநர் பதவிக்கு வேட்புமனு கொடுக்க முடியாது. அப்படியொரு வேட்புமனுவே கிடையாது.

ஆளுநருக்கு நிகராக மக்கள் தெரிவு செய்யும் ஓர் அமைப்பு மாகாணத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். அதுவே மாகாண சபையும் முதலமைச்சரும். அதற்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் சொல்கின்றேன். இப்போது 1994 க்கு வருவோம்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 16 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. பதினேழு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94 ஆசனங்கள். சந்திரிகா குமாரதுங்க தலைமை தாங்கிய பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. பாராளுமன்றத்தின் மொத்த ஆசனங்கள் 225. ஆட்சி அமைக்க 113 வேண்டும். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களைச் சேர்த்தால் 112. ஒன்று குறைகின்றது!

அந்த ஒன்றைக் கொடுத்தவர் பெரியசாமி சந்திரசேகரன். தலவாக்கலையைச் சேர்ந்தவர், அப்போது அவருக்கு வயது 37. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸில் இருந்து விலகி 1989 இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தடுப்புக்காவலில் இருந்தவர். நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக நின்று அவருடைய அணி பெற்ற வாக்குகள் 27,374. நாடு முழுவதும் பல இலட்சக்கணக்கில் வாக்குகள் எண்ணப்பட்ட ஒரு தேர்தலில், கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோரும் போட்ட இந்த 27 ஆயிரம் சொச்சம் வாக்குகள் 113 ஆவது ஆசனமாயின. சந்திரசேகரன் புதிய அரசாங்கத்தை ஆதரித்துப் பிரதி அமைச்சரானார்.

இதன் எடையை உணர வேண்டுமானால் தோட்ட மக்களுக்கு வாக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை அறிந்திருக்க வேண்டும். 1947 இல் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். நுவரெலியாத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். (அத்தேர்தலில் தெரிவான 95 பேரில் 21 பேர் சுயேச்சைகள் என்பதும் கவனிக்கத்தக்கது. கட்சிகள் வேரூன்றாத காலம் அது.) அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்காளர் இடாப்பில் இருந்து அவர்களுடைய பெயர்கள் நீக்கப்பட்டன. 1952 தேர்தலில் மலையகத்தில் இருந்து அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மீண்டும் வெல்லும் வரை முப்பது ஆண்டுகள் போயின. நாடற்றவராக எஞ்சியிருந்த பலருக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்னரும் விடுபட்டவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் பிரஜாவுரிமை வழங்கின. எங்கள் கடைக்குத் தேயிலைத்தூள் வாங்க வரும் ஒரு பாட்டி, தன் பெரிய மகன் பிறந்து வெகுகாலம் கழித்தே தான் முதன்முதலில் வாக்களித்ததாகச் சொல்வார். விரலில் பூசிய மை போகக் கூடாது என்று இரண்டு நாள் பாத்திரம் கழுவாமல் இருந்தாராம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அப்படிப்பட்ட மக்களின் வாக்கு, வாக்குரிமை முழுமையாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்திலேயே ஓர் அரசாங்கத்தை உருவாக்கியது. அதுவும் பெரிய கட்சி ஒன்றின் பட்டியலில் ஒட்டிக்கொள்ளாத வாக்கு.

இனி, இக்கதையின் மறுபாதி. வெட்டுப்புள்ளி என்றாலே நமக்குப் பல்கலைக்கழக அனுமதிதான் நினைவுக்கு வரும். தேர்தலிலும் ஒரு வெட்டுப்புள்ளி இருக்கின்றது. 1978 ஆம் ஆண்டு யாப்பின்படி ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தைப் பெறாத கட்சிக்கோ குழுவுக்கோ ஆசனப் பங்கீட்டில் இடமே இல்லை. 1988 டிசம்பரில் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம் இதை இருபதில் ஒரு பங்காக, அதாவது 5 வீதமாகக் குறைத்தது. அப்போது ஜனாதிபதித் தேர்தல் வாசலில் நின்றது. வேட்பாளராக இருந்த ரணசிங்க பிரேமதாசவிடம் இக்கோரிக்கையை வலியுறுத்தியவர் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப். நாடெங்கும் சிதறி வாழும் முஸ்லிம்கள் பல மாவட்டங்களில் 12.5 வீதத்தை எட்ட முடியாது என்பது அவருடைய கணக்கு.

இந்த ஏழரை வீத வித்தியாசம் என்ன செய்யும் என்பதை ஓர் உதாரணக் கணக்கால் விளக்குகின்றேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, முறை உண்மையானது. ஒரு மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் 280,000. முதலாம் கட்சிக்கு 170,000, இரண்டாம் கட்சிக்கு 83,000, சுயேச்சைக் குழுவுக்கு 27,000 என வைத்துக்கொள்வோம். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் முதலில் போய்விடும். மிச்சம் 7. இப்போது 280,000 ஐ 7 ஆல் வகுத்தால் 40,000. முதலாம் கட்சிக்கு நான்கு நாற்பதாயிரம் இருக்கின்றது: 4 ஆசனம், மீதி 10,000. இரண்டாம் கட்சிக்கு 2 ஆசனம், மீதி 3,000. சுயேச்சைக் குழுவுக்கு ஒரு முழு நாற்பதாயிரமும் இல்லை. ஆனால் மீதியில் அதனுடைய 27,000 தான் பெரியது. எஞ்சிய ஏழாவது ஆசனம் அதற்கே. முடிவில் 5, 2, 1.

இதே கணக்கில் வெட்டுப்புள்ளியை வைத்துப் பாருங்கள். 5 வீதம் என்றால் 14,000; சுயேச்சைக் குழு தாண்டிவிட்டது. 12.5 வீதம் என்றால் 35,000. அது பங்கீட்டுக்கே வராது, 27,000 வாக்குகளும் குப்பைக்குப் போகும். சந்திரசேகரனின் 27,374 வாக்குகளும் நுவரெலியா மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவானவையே. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் அவர் பாராளுமன்றம் போயிருக்க முடியாது.

கல்முனையில் வளர்ந்த ஒரு சட்டத்தரணி தன் சமூகத்துக்காகக் கேட்டுப் பெற்ற ஒரு திருத்தம், ஆறு ஆண்டுகளின் பின்னர் தலவாக்கலைக்காரர் ஒருவருக்குக் கதவைத் திறந்தது. அந்த இருவரின் ஆசனங்களும் சேர்ந்துதான் 1994 இல் 113 ஆயின. எங்கள் பாடப் புத்தகத்தில் பதினைந்தாவது திருத்தம் மிகச் சுருக்கமாகவே வருகின்றது. பரீட்சைக்கு அது போதும்தான். எனக்குப் போதவில்லை.

சுயேச்சை என்றால் எப்போதும் வீரகதை என்று எண்ணிவிட வேண்டாம். சந்திரசேகரன் பின்னாளில் வெவ்வேறு அரசாங்கங்களில் அமைச்சராக இருந்தார். 2010 ஜனவரி முதலாம் திகதி காலமானார். தனித்து நின்று வென்றவர் உள்ளே போனதும் ஏதோ ஒரு பக்கம் சேர வேண்டியிருக்கின்றது. சேராவிட்டால் தொகுதிக்கு ஒரு வீதிகூட வராது. சேர்ந்தால் "விலை போனார்" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருவரை மதிப்பிடுவது இலகுவானதல்ல. 113 ஆவது ஆசனத்தைக் கொடுத்தவர் அதற்கு ஈடாக எதைக் கேட்டார், கேட்டதில் எது தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

அவருடைய மகளும் இதே வழியில் நடந்து பார்த்தார். இளம் சட்டத்தரணியான அனுஷா சந்திரசேகரன் 2020 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கிடைத்தவை 17 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டிய வாக்குகள். ஏறத்தாழ 4 வீதம். தந்தைக்குத் திறந்த அதே 5 வீதக் கதவு மகளுக்கு ஒரு வீதத்தால் மூடிக்கொண்டது. ஆனாலும் 17 ஆயிரம் பேர் கட்சிச் சின்னம் எதுவுமற்ற ஒரு பெண்ணுக்குப் புள்ளடி போட்டார்கள் என்பதை நான் சிறியதாக நினைக்கவில்லை. மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தெரிவானது 2024 இல்தான்: நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். இருவரும் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் வந்தவர்கள். கட்சியின் அலை தூக்கிச் செல்லும் தூரத்தைத் தனியாக நீந்திக் கடப்பது கடினம் என்பதை இந்த இரண்டு தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சைக்கு இன்னொரு பூட்டு இருக்கின்றது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி நிறுத்தாத ஒருவர் போட்டியிட வேண்டுமானால் அவர் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவராகவோ முன்னர் அவ்வாறு இருந்தவராகவோ இருக்க வேண்டும். கட்டுப்பணமும் கட்சிக்காரருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000. இதனால் "சுயேச்சை" என்ற சொல்லே அங்கு வேறு பொருள் கொள்கின்றது. 2024 இல் பதவியில் இருந்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாகத்தான் நின்றார், பா. அரியநேத்திரனும் சுயேச்சையாக நின்று 226,343 வாக்குகள் பெற்றார். எங்கள் மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரும் எழுத்தாளருமான மயில்வாகனம் திலகராஜ் மலையக மக்களின் குரலாக அதே தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த வாக்குகள் சொற்பமே. ஆனால் ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் மலையகத்தவர் ஒருவரின் பெயரைக் கண்டபோது எங்கள் டவுனில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

அந்த வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. இரண்டு அடிக்கும் மேலான நீளம். இவ்வளவு பேர் ஏன் நிற்கின்றார்கள்? எல்லோரும் வெல்லவா நிற்கின்றார்கள்? வேட்பாளருக்குக் கிடைக்கும் ஒலி, ஒளிபரப்பு நேரத்துக்காகவும், வாக்கெண்ணும் நிலையத்தில் முகவர்களை இருத்தும் உரிமைக்காகவும் பெரிய வேட்பாளர்களே தமக்கு வேண்டியவர்களை நிறுத்துகின்றார்கள் என்ற குற்றச்சாட்டு எல்லாத் தேர்தல்களிலும் எழுகின்றது. தமிழ்நாட்டில் இதைவிட விசித்திரமான ஒன்று நடந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சி என்ற ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்கள்! தமது குறைகளை அரசு கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாகச் சென்று மனுத்தாக்கல் செய்ததால் வந்த நிலை. வாக்குச்சீட்டைப் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர் இந்தியாவில் கட்டுப்பணத்தைப் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். ஆனாலும் மேட்டூரைச் சேர்ந்த பத்மராஜன் என்பவர் இருநூறுக்கும் அதிகமான தேர்தல்களில் நின்று, தோற்று, தோற்பதிலேயே பெயர் பெற்றிருக்கின்றார். மொடக்குறிச்சி விவசாயிகளின் கோபம் எனக்கு விளங்குகின்றது. பத்மராஜனைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. உம்மாவோ, "பொழுது போகல்ல போல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நம்மில் ஒருத்தி நிற்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? இந்தியாவில் சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது ஆக வேண்டும். இங்கு அப்படியில்லை. வாக்காளராகத் தகுதி பெற்ற எவரும், அதாவது 18 வயது நிறைந்து வேறு தகுதியீனம் இல்லாத எவரும், பாராளுமன்றத்துக்கே போட்டியிடலாம். ஆனால் தனி ஆளாக முடியாது. குழுவாகவே நிற்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள்; அத்துடன் மூன்றைக் கூட்டி 11 பேரின் பெயர்களைப் பட்டியலில் தர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக் குழு ஆளுக்கு 2,000 ரூபா வீதம் 22,000 ரூபா கட்ட வேண்டும். போதிய வாக்குக் கிடைக்காவிட்டால் அது அரசுக்கே. பணத்தைவிடக் கடினமானது, உங்களுடன் சேர்ந்து நிற்கத் துணிந்த இன்னும் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பது. பெற்றோர் இதை வாசித்தால் புன்னகைப்பார்கள். பதினெட்டு வயது மகள் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பதற்கு எத்தனை வாப்பாமார் சம்மதிப்பார்கள் என்பது யாப்பில் எழுதப்படாத இன்னொரு வெட்டுப்புள்ளி.

உள்ளூராட்சித் தேர்தலில் வழி சற்று அகலமானது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் வேட்புமனுப் பட்டியலில் 25 வீதம் இளைஞர் யுவதிகளாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. வயதை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உரிய முறையில் இல்லை என்று பல பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, விடயம் நீதிமன்றம் வரை சென்று, சில மீண்டும் ஏற்கப்பட்டன. ஒரு சான்றிதழுக்காக முழுப் பட்டியலும் போய்விடும் என்பதால், பிறப்புப் பதிவில் எழுத்துப்பிழை உள்ளவர்கள் இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. தோட்டங்களில் பெயர் ஒன்று, பதிவு ஒன்று என்பது சாதாரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் வீதியோ வேறு வசதியோ செய்ய சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்ட மக்கள் உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். அந்த உறுப்பினரால் அவர்களுடைய லயத்து வாசலுக்கு ஒரு படிக்கட்டுக்கூடக் கட்டிக் கொடுக்க இயலவில்லை.

கடைசியாக, நான் தள்ளி வைத்த மாகாண சபை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 ஆம் திகதி. நான் அப்போது முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டப் படித்துக்கொண்டிருந்தேன். சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் இல்லை. ஏன்?

2017 செப்டெம்பரில் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. மாகாண சபைத் தேர்தல் வேட்பாளர்களில் 30 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குழுநிலையில் அதற்குள் வேறு திருத்தங்களைப் புகுத்தி, தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்ததாக மாற்றிவிட்டார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் புதிதாக நிர்ணயிக்கப்பட வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை தயாராகி 2018 ஆகஸ்ட் 24 ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டப்படி போய்விட்டது. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. பெண்களுக்கு இடம் கொடுப்பதாகப் புறப்பட்ட ஒரு சட்டம், ஆண் பெண் எவருக்கும் இடமில்லாமல் செய்து முடிந்தது. மாகாணத் தேர்தலை விரும்பாதவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள் என்று நான் நினைக்கின்றேன். இல்லாவிட்டால் ஓர் அறிக்கை பூச்சிய வாக்குகள் பெறுவது எப்படி?

இதனால் மாகாணப் பாடசாலைகள், மாகாண வைத்தியசாலைகள், மாகாண வீதிகள் ஆகியவை தொடர்பாக மக்கள் தெரிவு செய்த சபையும் அமைச்சர்களும் எடுக்க வேண்டிய தீர்மானங்கள் எல்லாம் நியமனம் பெற்ற ஆளுநரின் மேசைக்குப் போகின்றன. கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் முன்னர் மாகாண சபை உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அவர் அடுத்த தேர்தலை நினைத்தாவது தொலைபேசியை எடுப்பார். இப்போது கடிதம் எழுதலாம். என் உறவுக்காரப் பெண்கள் இருவர் படிக்கும் பாடசாலையின் பெற்றோர் அப்படி எழுதிய கடிதங்களுக்குப் பிரதிகள் எங்கள் கடை லாச்சியில் இருக்கின்றன. வாப்பாதான் எழுதிக் கொடுத்தார்.

மத்திய மாகாண சபையின் 58 ஆசனங்களில் நுவரெலியா மாவட்டத்துக்குரியவை 16. கட்சிக்காரரோ சுயேச்சையோ, எவரும் அவற்றில் அமர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பல்லேகலையில் சபைக் கட்டடம் இருக்கின்றது. இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் பதினெட்டு நிறைந்தவர்கள் வாக்காளர் இடாப்புக்குரிய படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் நிரப்பிக் கொடுத்துவிட்டோம். ஆசிரியை எங்களிடம், மாகாண சபைக்கு எப்போது வாக்களிப்பீர்கள் என்று தேதி எழுதச் சொல்லி ஒரு தாளைத் தந்தார். முப்பத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தோம்.